கங்கைகொண்ட சோழபுரமும் கலங்கிய படங்களும்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களை 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் அறிந்த செய்திதான். நான் இதோடு இன்னொரு வருடத்தையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. புகைப்படம் என்ற கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். மூன்று வருடம் முந்திவிட்டது. அந்தக் கற்கள் பெயர்க்கப்படுவதற்கு முன் மதில் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படமும் இல்லை.

சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858-ல் தஞ்சைக்கு வந்தார். மெழுகு தோய்த்த காகிதமே அவருக்கு பிலிம். ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஒளி விழ வேண்டும். முக்காலி இல்லாமல் நடக்காது. பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்குத் தந்தார். கல் அசையாது, கேமராவும் அசையவில்லை. அதனால்தான் எழுத்துகள் துலங்கின.

கேமரா கைக்கு வந்தபோதுதான் கலங்கல் பெரிய தொல்லையாயிற்று. எங்கள் காலத்து ஆக்ஃபா கிளிக் 3 நினைவிருக்கும். ஒரு சுருளில் 12 படம். ஷட்டர் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஆகவே வீட்டுக்குள் எடுக்கமாட்டோம். பாட்டியைக்கூட முற்றத்துக்கோ திண்ணைக்கோ அழைத்துவந்து உட்காரவைப்போம். பழைய குடும்பப் படங்களில் திண்ணை அடிக்கடி தென்படுவதற்கு வெளிச்சமும் ஒரு காரணம்.

விஷயம் எளிது. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கை அசைந்தால் படம் இழுபடும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/60 வினாடிக்குக் குறையாமல் வைத்துக்கொள் என்பது பிலிம் காலத்துக் கணக்கு. லென்ஸ் துவாரத்தை அகலத் திறப்பதும், 100-க்குப் பதில் 400 வேக பிலிம் போடுவதும் இதற்காகத்தான். இன்றைய செல்போன் பல படங்களை நொடியில் எடுத்து ஒன்றாக்கித் தருகிறது. கை நடுக்கத்தை அது ஓரளவு சமாளிக்கும். ஓடும் பேரக்குழந்தையை அதனால் நிறுத்த முடியாது.

நம் கோயிலில் சண்டேசருக்குச் சிவபெருமான் மாலை சூட்டும் சிற்பம் வடக்கு வாசல் படியருகே இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழல்தான். ஆடியில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால், காலையிலும் மாலையிலும் அந்தப் பக்கம் சாய்வெயில் படும். ஆடித் திருவாதிரைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். ஆகவே நம் உடம்பையே முக்காலியாக்கிக்கொள்ள வேண்டியதுதான். கால்களைச் சற்று அகட்டி, இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, போனை இரு கைகளாலும் பிடியுங்கள். பாதி மூச்சு விட்டு நிறுத்தி அழுத்துங்கள். விரல் அழுத்தும்போதும் போன் ஆடும். 2 வினாடி டைமர் வைத்தால் அதுவும் தீரும். ஜூம் செய்தால் நடுக்கமும் பெரிதாகும். அதைவிட நாலடி முன்னே போவது நல்லது. ஒரே காட்சியை நாலைந்து முறை எடுத்தால் ஒன்றாவது தேறும். வாலிகண்டபுரம் வாலீசுவரர் கோயில் மண்டபத்துக்கும் இதே முறைதான். உள்ளே எடுக்கக்கூடாது என்று சொன்னால் மதித்துவிடுங்கள்.

என் போன்ற எழுபது கடந்தவர்களுக்குக் கை நடுக்கம் இயல்பு. அதற்காகப் படமெடுப்பதை விட்டுவிட வேண்டாம். ஊர்க்கோயில், பழைய வீடு, வயதானவர்கள் முகம் எல்லாவற்றையும் இப்போதே துலக்கமாக எடுத்து, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். மதிலுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இவற்றுக்கு இருக்கிறது.