அகலத்திரை இசைப்படங்களில் வண்ண வடிகட்டிகள்: சவுத் பசிபிக் (1958)

சவுத் பசிபிக் 1958ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க அகலத்திரை இசைப்படம் ஆகும். ஜோஷுவா லோகன் இயக்கிய இப்படத்துக்கு லியான் ஷாம்ராய் ஒளிப்பதிவு செய்தார். பாடல் காட்சிகளில் கேமரா லென்சின் முன் அடர்ந்த வண்ண வடிகட்டிகளை (ஃபில்டர்) வைத்துப் படம்பிடித்ததால், திரை முழுவதும் மஞ்சளாகவும் ஊதாவாகவும் மாறும். திரைப்பட வரலாற்றில் வண்ண வடிகட்டி என்றதும் முதலில் பேசப்படும் படங்களுள் இது ஒன்று. பெரும் வணிக வெற்றி பெற்ற இப்படத்தின் வண்ணத்தை, பிற்காலத்தில் அதன் இயக்குநரே தம் பெரிய தவறுகளுள் ஒன்றாகக் கருதினார். ஒரு கலை முடிவு எவ்வாறு திரும்பப் பெற முடியாததாக ஆகிறது என்பதை இப்படத்தின் வரலாறு காட்டுகிறது.

வடிகட்டி செய்யும் வேலை

வண்ண வடிகட்டி என்பது சில நிற ஒளியை உள்ளே விட்டு, சில நிற ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அல்லது ஜெலட்டின் தகடு. மஞ்சள் வடிகட்டி சிவப்பையும் பச்சையையும் விட்டுவிட்டு நீலத்தைத் தடுக்கும். அதன் வழியே பார்த்தால் வெள்ளைச் சட்டை மஞ்சளாகத் தெரியும். நீலக் கடல் இருண்டுபோகும்.

கறுப்பு வெள்ளைப் படங்களில் வடிகட்டிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தன. மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டி வானத்தை இருட்டாக்கி வெண்மேகங்களை எடுப்பாகக் காட்டும். அங்கே வடிகட்டியின் நிறம் திரையில் தெரியாது. அதன் விளைவு மட்டுமே தெரியும். வண்ணப் படங்களிலும் வடிகட்டி ஒரு திருத்தும் கருவியாக இருந்தது. விளக்கொளிக்கு ஏற்றவாறு தயாரிக்கப்பட்ட படச்சுருளை வெயிலில் பயன்படுத்தினால் காட்சி நீலம் பாய்ந்து தெரியும். அதைச் சரிசெய்ய 85 என்ற எண்ணுடைய ஆரஞ்சு நிற வடிகட்டியை ஒளிப்பதிவாளர்கள் பயன்படுத்தினர். இத்தகைய வடிகட்டியின் நோக்கம் இயல்பான நிறத்தைப் பெறுவது. சவுத் பசிபிக்கில் வடிகட்டி இதற்கு நேர்மாறான வேலைக்கு, அதாவது இயல்பான நிறத்தை விலக்குவதற்குப் பயன்பட்டது.

விளக்கின் மீது வண்ணத்தாள் ஒட்டுவதற்கும் லென்சின் முன் வடிகட்டி வைப்பதற்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. விளக்கின் மீதுள்ள தாள் அந்த விளக்கின் ஒளி விழும் இடத்தை மட்டும் நிறமாக்கும். லென்சின் முன் உள்ள வடிகட்டி முகம், உடை, மணல், வானம் என எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் தோய்த்துவிடும்.

மௌனப் படக் காலத்துச் சாயம்

திரையை ஒரே நிறத்தில் தோய்க்கும் பழக்கம் மௌனப் படக் காலத்திலேயே இருந்தது. அக்காலப் படங்கள் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டாலும், பிரிண்டுகள் சாயத்தில் நனைக்கப்பட்டன. இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், தீப்பற்றும் காட்சிக்குச் சிவப்பு என்பது வழக்கம். பார்வையாளர்கள் இந்த நிறங்களைக் காட்சியின் குறிப்பாக எடுத்துக்கொண்டனர்.

பேசும் படங்கள் வந்தபின் இம்முறை பின்தங்கியது. படச்சுருளின் ஓரத்தில் பதிந்த ஒலித்தடத்தையும் சாயம் பாதித்ததே முதன்மைக் காரணம். அதற்கென ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1929இல் சோனோகுரோம் என்ற தனி வகைச் சுருளை வெளியிட்டது. எனினும் வண்ணப் படங்கள் பரவியதும் சாயம் பூசும் வழக்கம் மறைந்தது.

சாயம் பிரிண்டில்தான் ஏற்றப்பட்டது என்பது இங்கே கவனிக்க வேண்டியது. நெகட்டிவ் மாறாமல் இருந்தது. நிறம் பிடிக்கவில்லை என்றால் வேறொரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

அகலத்திரையின் வருகை

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் பரவியது. திரையரங்குகளுக்கு வருவோர் குறைந்தனர். சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி தர முடியாததைத் தர வேண்டும் என்று திரைத்துறை எண்ணியது. அகன்ற திரை, வண்ணம், பல திசைகளிலிருந்து வரும் ஒலி ஆகியவை அதன் விடையாயின. 1952இல் சினிராமாவும், 1953இல் சினிமாஸ்கோப்பும் வந்தன. சினிமாஸ்கோப்பில் வெளியான முதல் படமான தி ரோப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் லியான் ஷாம்ராய்தான்.

தயாரிப்பாளர் மைக் டாட், அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய முறை டாட்-ஏ.ஓ. எனப்பட்டது. இதில் நெகட்டிவ் 65 மி.மீ. அகலமும், பிரிண்ட் 70 மி.மீ. அகலமும் கொண்டவை. ஆறு தடங்களில் காந்த ஒலிப்பதிவு இருந்தது. திரையின் அகலம் உயரத்தைப்போல 2.2 மடங்கு. முதல் டாட்-ஏ.ஓ. படம் ஓக்லஹோமா! (1955). அப்போது நொடிக்கு 30 சட்டகங்கள் எடுக்கப்பட்டதால், சாதாரணத் திரையரங்குகளுக்காக அப்படத்தை சினிமாஸ்கோப்பிலும் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. சவுத் பசிபிக்கில் நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற வழக்கமான வேகம் கடைப்பிடிக்கப்பட்டது. ஆகவே ஒரே நெகட்டிவிலிருந்து 70 மி.மீ., 35 மி.மீ. பிரிண்டுகள் இரண்டையும் எடுக்க முடிந்தது. இதனால் செலவு மிஞ்சியது. அதே நேரத்தில், மாற்றாகப் பயன்படுத்த இன்னொரு நெகட்டிவும் இல்லாமல் போயிற்று.

மேடையிலிருந்து திரைக்கு

ஜேம்ஸ் மிச்சினர் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பசிபிக் தீவுகளைப் பற்றி எழுதிய கதைகளைத் தழுவி, ரிச்சர்ட் ராட்ஜர்சும் இரண்டாம் ஆஸ்கார் ஹாமர்ஸ்டைனும் உருவாக்கிய இசை நாடகம் சவுத் பசிபிக். இது 1949இல் நியூயார்க்கின் மஜஸ்டிக் அரங்கில் மேடையேறியது; 1950இல் புலிட்சர் பரிசு பெற்றது. மேடையில் இதை இயக்கியவரும் லோகனே. காட்சி அமைப்பையும் ஒளியமைப்பையும் ஜோ மீல்சினர் செய்தார். காட்சிகளுக்கு இடையே திரையை இறக்காமல், ஒரு காட்சி மங்க மற்றொன்று துலங்கும்படி அமைத்திருந்தது அம்மேடையேற்றத்தின் சிறப்பு.

இசை நாடக மேடையில் ஒரு பாத்திரம் பாடத் தொடங்கும்போது ஒளி மாறுவது இயல்பு. பேச்சு வேறு உலகம், பாட்டு வேறு உலகம் என்பதை விளக்கு மெல்லச் சொல்லிவிடும். திரையில் இதற்கு இடமில்லாமல் போகிறது. உண்மையான கடற்கரையில், உண்மையான வெயிலில் நின்று ஒருவர் திடீரெனப் பாடினால் அது செயற்கையாகத் தோன்றக்கூடும். மேடையின் ஒளி மாற்றத்தை வடிகட்டிகள் மூலம் திரைக்குக் கொண்டுவர லோகன் முயன்றார்.

படப்பிடிப்பு

படப்பிடிப்பு பெரும்பாலும் 1957இல் ஹவாயின் கவாய் தீவில் நடந்தது. ஹனலே விரிகுடா, லுமஹாய் கடற்கரை ஆகிய இடங்கள் படத்தில் உள்ளன. மிட்சி கேனர், ரோசானோ பிராட்சி, ஜான் கெர், ஹுவானிட்டா ஹால், பிரான்ஸ் நூயென் ஆகியோர் நடித்தனர்.

'பாலி ஹாய்' பாடலில் தொலைதூரத் தீவைப் பற்றிப் பாடும்போது ஊதா நிறம் பரவுகிறது. 'சம் என்சாண்டட் ஈவினிங்' பாடலில் திரை பொன்மஞ்சள் மூட்டத்தில் அமிழ்கிறது. பாடல் தொடங்கும்போது நிறம் ஏறி, முடியும்போது இறங்குகிறது. சட்டத்தின் ஓரங்கள் பல இடங்களில் மங்கலாக்கப்பட்டுள்ளன. சிறிய திரையில் இது ஒரு குறிப்பாக நின்றிருக்கலாம். ஆனால் பார்வை முழுவதையும் நிரப்பும் 70 மி.மீ. திரையில் கண்ணுக்கு வேறு நிறமே கிடைப்பதில்லை. எனவே பார்வையாளரின் கவனம் பாட்டை விட்டு நிறத்துக்குச் செல்கிறது.

திருத்த முடியாமல் போன காரணம்

லோகன் விரும்பியது மெல்லிய நிற மாற்றம். கிடைத்ததோ அடர்ந்த நிறம். இதைத் திருத்துவதற்கு இரண்டு தடைகள் இருந்தன.

முதல் தடை படச்சுருளின் தன்மை. வண்ண நெகட்டிவில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைப் பதியும் மூன்று அடுக்குகள் உள்ளன. மஞ்சள் வடிகட்டி நீலத்தைத் தடுத்துவிட்டால் நீல அடுக்கில் மிகக் குறைவாகவே பதியும். பிரிண்ட் எடுக்கும்போது ஆய்வகம் ஒட்டுமொத்த நிறச் சமநிலையை ஓரளவு மாற்றலாம். ஆனால் பதியாத ஒன்றை அதனால் மீட்க முடியாது. மௌனப் படச் சாயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இரண்டாம் தடை காலம். இப்படம் 'ரோட்ஷோ' முறையில் வெளியிடப்பட்டது. அதாவது, சில பெரிய நகரங்களின் தேர்ந்தெடுத்த அரங்குகளில் மட்டும், இருக்கை எண்ணுடன், கூடுதல் கட்டணத்தில், முன்பதிவு செய்து பார்க்கும் முறை. நுழைவுச்சீட்டுகள் முன்னரே விற்கப்பட்டிருந்ததால் வெளியீட்டைத் தள்ளிவைக்க இயலவில்லை. 1958 மார்ச் 19 அன்று நியூயார்க்கின் கிரைடீரியன் அரங்கில் படம் வெளியானது.

வரவேற்பு

வடிகட்டிகளை விமர்சகர்கள் பலர் குறைகூறினர். பார்வையாளர்களோ திரண்டு வந்தனர். அமெரிக்காவில் அவ்வாண்டின் மிகப் பெரிய வசூல் படங்களுள் இது ஒன்றாயிற்று. லண்டனின் டொமினியன் அரங்கில் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடியது. பிரித்தானியாவில் இதன் பாடல் இசைத்தட்டு 1958 நவம்பர் முதல் 1960 மார்ச் வரை தொடர்ந்து 70 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

ஆஸ்கார் விருதுகளில் சிறந்த ஒலிக்கான விருதை இப்படம் பெற்றது. வண்ண ஒளிப்பதிவுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் அவ்விருது மற்றோர் அகலத்திரை இசைப்படமான ஜிஜிக்கு ஒளிப்பதிவு செய்த ஜோசப் ரூட்டன்பெர்குக்குக் கிடைத்தது.

இப்படத்தின் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது நிறத்தின் சிக்கல் இன்னும் தெளிவாகிறது. கதையின் மையம் இனவெறுப்பு. ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரைச் சேர்ந்த செவிலியான நெல்லி, தான் காதலிக்கும் பிரெஞ்சுத் தோட்டக்காரருக்குப் பாலினீசியப் பெண்ணிடம் பிறந்த குழந்தைகள் உண்டு என அறிந்து விலகுகிறாள். பின்னர் தன் வெறுப்பை வெல்கிறாள். படம் வெளிவருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர், 1957 செப்டம்பரில், அதே லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதைத் தடுக்கக் கூட்டம் திரண்டது. கூட்டாட்சிப் படை அனுப்பப்பட்டது. தோலின் நிறத்தை மையமாகக் கொண்ட, நாட்டின் அன்றைய நிகழ்வுகளைத் தொட்ட ஒரு கதை, எல்லா முகங்களையும் ஒரே சாயத்தில் மூழ்கடிக்கும் முறையில் படமாக்கப்பட்டது. முகங்களைத் தெளிவாகக் காட்ட வேண்டிய கதைக்கு வடிகட்டி உதவவில்லை.

பிறர் கையாண்ட வழிகள்

வண்ண வடிகட்டி தோல்வியடைந்தே தீரும் என்பதில்லை. ஜான் ஹூஸ்டனின் மூலான் ரூஜ் (1952) அகலத்திரைக்கு முந்தைய படம். ஓவியர் துலூஸ்-லோத்ரெக்கின் வண்ணங்களைத் திரையில் கொண்டுவர, ஒளிப்பதிவாளர் ஆஸ்வால்ட் மாரிஸ் வடிகட்டிகளையும் புகையையும் பயன்படுத்தினார். பளிச்சென்ற நிறங்களையே அடையாளமாகக் கொண்டிருந்த டெக்னிகலர் நிறுவனம் இதை முதலில் விரும்பவில்லை. படம் வெளிவந்தபின் அதன் வண்ணம் பாராட்டப்பட்டது.

வெஸ்ட் சைட் ஸ்டோரி (1961) 70 மி.மீ. இசைப்படம். இதில் மரியா தன் வெள்ளை உடையில் சுழலும்போது உருவம் வண்ணக் கீற்றுகளாகக் கலைந்து நடன அரங்கமாக மாறுகிறது. படப்பிடிப்புக்குப் பின் செய்யப்படும் ஒளியியல் உத்தி என்பதால், தேவைப்பட்டால் திருத்தவும் கூடியது. மேலும் அது சில நொடிகளே நீடிக்கிறது.

மாரிஸ் 1971இல் ஃபிட்லர் ஆன் தி ரூஃப் என்ற அகலத்திரை இசைப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தபோது, பெண்கள் அணியும் பழுப்பு நிறக் காலுறைத் துணியை லென்சின் முன் கட்டினார். படத்துக்கு மண்ணின் நிறம் கிடைத்தது. நிறம் மெல்லியதாகவும், பாட்டுக்கும் பேச்சுக்கும் பொதுவாகவும் இருந்ததால் பார்வையாளரின் கண் அதற்குப் பழகிவிட்டது. அவ்வொளிப்பதிவு ஆஸ்கார் விருது பெற்றது.

மங்கிய பிரிண்டும் இன்றைய நிலையும்

ரோட்ஷோவில் காட்டப்பட்ட சவுத் பசிபிக் ஏறத்தாழ 171 நிமிடங்கள் ஓடியது. பின்னர் பொது வெளியீட்டுக்காகச் சில காட்சிகள் வெட்டப்பட்டன. அக்காட்சிகள் பிற்காலத்தில் ஒரு 70 மி.மீ. பிரிண்டிலிருந்து கிடைத்தன. ஆனால் காலப்போக்கில் சாயங்கள் மங்கி அவை சிவந்துபோயிருந்தன. குறுந்தகட்டுப் பதிப்புகளில் அவை இயன்றவரை சீர்செய்து சேர்க்கப்பட்டன. ஆகவே இன்று இப்படத்தைப் பார்ப்பவர் இருவகை நிறத் திரிபுகளைக் காண்கிறார்: ஒன்று 1957இல் வடிகட்டி உண்டாக்கியது, மற்றொன்று காலம் உண்டாக்கியது.

இன்று நிற மாற்றம் படப்பிடிப்புக்குப் பிறகு கணினியில் செய்யப்படுகிறது. படம் முழுவதையும் இவ்வாறு நிறம் திருத்திய தொடக்ககாலப் படங்களுள் முதன்மையானது ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ? (2000). பச்சைப் பசேல் என்றிருந்த மிசிசிப்பி வயல்களை ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸ் காய்ந்த பொன்னிறமாக்கினார். மூலப் பதிவு தீண்டப்படாமல் இருப்பதால், பிடிக்காத நிறத்தைக் கைவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

லோகனுக்கும் ஷாம்ராய்க்கும் அந்த வாய்ப்பு இருக்கவில்லை. பாட்டுக்கும் பேச்சுக்கும் இடையிலான எல்லையை நிறத்தால் காட்டலாம் என்ற அவர்களின் எண்ணம் பிழையானதன்று. மேடையும் மௌனப் படமும் அதை வெற்றிகரமாகச் செய்தவையே. அவ்விரண்டிலும் நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வழி இருந்தது. சவுத் பசிபிக்கில் நிறம் நெகட்டிவிலேயே பதிந்துவிட்டது. வெளியீட்டு நாளும் முன்பே குறிக்கப்பட்டிருந்தது.