திரு இருதயப் படம்: கோயிலிலிருந்து வீட்டுக்கா, வீட்டிலிருந்து கோயிலுக்கா?

பழைய கிறிஸ்தவ ஓவியங்கள் வீட்டுச் சுவருக்கு வந்த வரலாற்றை ஒரே திசையில் சொல்வதே வழக்கம். ஓவியர் கோயிலுக்கோ மடத்துக்கோ வரைகிறார். அச்சு அதைப் பரப்புகிறது. கடைசியில் வீட்டில் ஒரு மலிவான படி தொங்குகிறது. லியொனார்டோ டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’ இதற்குச் சரியாகப் பொருந்தும். மிலான் நகர மடமொன்றின் உணவறைச் சுவரில் 1498 வாக்கில் முடிந்த அந்த ஓவியத்தை, ரஃபாயேல் மோர்கென் 1800இல் வெளியிட்ட செப்புத்தகட்டு அச்சு ஐரோப்பிய வீடுகளுக்குக் கொண்டுபோனது. திரு இருதயப் படத்தின் கதை வேறு. அங்கே வீடுதான் முந்தியது.

பிரான்சில் பாரே-லெ-மோனியால் ஊரின் கன்னியர் மடத்தில் மார்கரீத் மரியா அலாகோக் 1673க்கும் 1675க்கும் இடையே கண்ட காட்சிகளே இயேசுவின் திரு இருதயப் பக்தி பரவக் காரணம். திரு இருதயச் சாயலை வைத்து வணங்கும் வீடு ஆசீர் பெறும் என்பது அவர் பெற்றதாகச் சொல்லப்படும் வாக்குறுதிகளில் ஒன்று. 1685 ஜூலையில் அவரிடம் பயின்ற நவகன்னியர், மையால் காகிதத்தில் ஓர் இருதயத்தை வரைந்து சிறு பீடத்தில் வைத்தார்கள். அது புகழ்பெற்ற ஓவியர் எவரும் வரைந்ததல்ல. படம் எங்கே இருக்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகிவிட்டது. 1720இல் மார்செய் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது இருதயச் சின்னம் பொறித்த காப்புத் துண்டுகள் மக்களிடையே வழங்கப்பட்டன.

ரோமில் இயேசு சபையின் ஜெசு ஆலயத்துக்காக ஓவியர் பொம்பேயோ பத்தோனி தம் திரு இருதய ஓவியத்தை வரைந்தது அதற்கெல்லாம் பிறகு, 1760களில். செப்புத்தகட்டில் எண்ணெய் வண்ணம், அளவில் சிறியது, பக்கச் சிற்றாலயம் ஒன்றில் இருக்கிறது. அதை நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். இயேசு இருதயத்தைத் தம் இடக்கையில் ஏந்தி, பார்ப்பவரிடம் நீட்டுகிறார். முள்முடி சுற்றி, மேலே சிலுவையும் சுடருமாக, அது உடலுக்கு வெளியே இருக்கிறது. பின்னாளில் நம் கண்ணுக்குப் பழகிய அச்சுப் படங்களில் அது மார்பில் ஏறிவிட்டது. கை அதைச் சுட்டுகிறது, அவ்வளவே. அச்சுக்காரர்களின் இந்த மாற்றத்தை நான் குறையாகக் கருதவில்லை. கையில் ஏந்திய இருதயம் கொஞ்சம் உடற்கூற்றுப் பாடம்போல் இருக்கிறது. தினமும் பார்க்கும் சுவருக்கு மார்பில் ஒளிரும் இருதயமே தோது.

எதிர்ப்பும் இருந்தது. 1786இல் இத்தாலியின் பிஸ்தோயா நகரில் கூடிய மறைமாவட்டச் சங்கம் இந்தப் பக்தியைக் கண்டித்தது. 1794இல் திருத்தந்தை ஆறாம் பியுஸ் அந்தச் சங்கத்தின் நிலைப்பாடுகளையே கண்டித்தார். வாதம் ஆயர்களுக்கும் இறையியலாளருக்கும் இடையே நடந்தது. படத்தைப் பெருக்கியது தொழில்நுட்பம். கொதஃப்ருவா எங்கெல்மான் 1837இல் காப்புரிமை பெற்ற வண்ணக் கல்லச்சு வந்தபின், கூலித் தொழிலாளியும் வாங்கும் விலைக்குச் சிவப்பும் பொன்னிறமும் இறங்கின.

பெரு நாட்டில் பிறந்த குரு மத்தேயோ கிராலி-போவே 1907இல் தொடங்கிய இயக்கம் படத்தை வீட்டில் வைப்பதற்கு ஒரு சடங்கைக் கொடுத்தது. குரு வந்து படத்தை மந்திரிப்பார். குடும்பம் கூடி அதை வீட்டின் முதன்மையான இடத்தில் நிறுவி, தன்னை இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கும். அயர்லாந்தில் விற்ற படங்களின் அடியில் வெற்றுக் கோடுகள் இருக்கும். பெற்றோர், பிள்ளைகள் பெயர்களை அவற்றில் மையால் எழுதி அடுப்படியில் மாட்டினார்கள். படத்தின் கீழே எண்ணெய் விளக்கு எரிந்தது. 1946இல் கிராம மின்மயத் திட்டம் தொடங்கிய பிறகு அதன் இடத்துக்குச் சிவப்பு மின்விளக்கு வந்தது. பத்தோனியின் ஓவியத்துக்கு இப்படியொரு வேலை இருந்ததில்லை. பெயர் எழுதிய அச்சுப் படமோ அந்தக் குடும்பத்தின் ஆவணமும் ஆயிற்று.

தமிழகக் கத்தோலிக்க வீடுகளின் நடுக்கூடத்திலும், சிறு சிவப்பு பல்போடும் மாலையோடும், இதே படம் உண்டு. அதன் முன்னால்தான் மாலையில் குடும்பச் செபமாலை சொல்வார்கள். படம் வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது ‘திரு இருதய ஆண்டவர் படம்’ என்றுதான். வரைந்தவர் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.