தெருவிலிருந்து கூரைக்கு: சிங்கப்பூரின் உணவங்காடிகள்

சிங்கப்பூரின் வங்கிக் கோபுரங்களுக்கு நடுவே எண்கோண வடிவில் ஓர் இரும்புக் கூடம் நிற்கின்றது. 1894 இல் கட்டப்பட்ட தெலுக் ஆயர் சந்தை அது. ஹொக்கியன் மொழியில் 'லாவ் பா சாட்', அதாவது பழைய சந்தை என்பர். 1973 இல் உணவங்காடியாக மாற்றப்பட்டது. சீனரின் நூடில்ஸ், மலாய்க்காரரின் சாத்தே, இந்திய முஸ்லிம்களின் முர்தபாக் எனச் சிங்கப்பூரின் பல சமூகங்களும் இத்தகைய கூடங்களில் ஒன்றாய் அமர்ந்து உண்கின்றன.

இவ்வுணவுகள் தெருவில் வளர்ந்தவை. பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் தள்ளுவண்டியிலும் காவுதடியிலும் சுமந்து விற்றனர். குழாய்நீர் இல்லை, கழிவோ வடிகாலில் கலந்தது. நோய் பரவும் என அரசு அஞ்சியது நியாயமே. ஆயினும் அவர்களை அடியோடு விரட்டிவிடவில்லை. 1968-69 இல் பதிவு செய்தது. 1971 தொடக்கம் 1986 வரை நீரும் மின்சாரமும் உள்ள நிலையங்களைக் கட்டிக் குடியமர்த்தியது. தெருவின் சுதந்திரம் போயிற்று, தொழில் பிழைத்தது.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ இப்பண்பாட்டை மனிதகுல மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் பட்டியல் சமைப்பதில்லை. விடியுமுன் அடுப்பு மூட்டிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது; பிள்ளைகள் பலர் அலுவலகங்களை நாடுகின்றனர். மூலப்பொருள்களின் விலை ஏறினும் உணவு மலிவாகவே இருக்கவேண்டுமென வாடிக்கையாளர் எதிர்பார்க்கின்றனர். அந்த மலிவின் சுமையைச் சமைப்பவனே தனித்துச் சுமந்தால், கூரை நிலைக்கும், அடுப்பு அணைந்துவிடும்.