தேதி குறித்த லாபம்

1990-களின் பிற்பாதியில் அமெரிக்க வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கோபோல் நிரல்மொழி தெரிந்தவர்களைத் தேடி அலைந்தன. பழைய நிரல்கள் ஆண்டை இரண்டே இலக்கத்தில் குறித்திருந்தன. 99-க்குப் பிறகு வரும் 00-ஐக் கணினி 1900 என்று எடுத்துக்கொண்டால் வட்டி, பாலிசி, ஓய்வூதியம் எல்லாமே குழம்பும். கோடிக்கணக்கான வரிகளைத் திருத்த ஆள் இந்தியாவில்தான் கிடைத்தது. ‘ஒய்2கே’ எனப்பட்ட இந்தச் சிக்கலுக்கென்றே டிசிஎஸ் சென்னையில் ஒரு ‘தொழிற்சாலை’ நடத்தியது.

வேலை போன திசையில் பணமும் போனது. 1997-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒன்றில் ஒய்2கே நிறுவனங்களுக்கெனத் தனிக் குறியீடே தொடங்கியது. ஆனால் இந்தத் தொழிலுக்கு வரவு நிற்கும் நாள் காலண்டரிலேயே அச்சாகியிருந்தது. விவரமானவர்கள் முன்கூட்டியே விற்றார்கள். ஸைடெல், வயாசாஃப்ட் போன்ற பங்குகள் அந்த நள்ளிரவுக்கு முன்பே சரிந்துவிட்டன.

இந்தியாவில் நடந்தது நேர்மாறு.

2000 ஜனவரி 1 பெரிய சேதமில்லாமல் கடந்தது. திருத்த வேலை முடிந்தும், பிப்ரவரி 11 அன்று சென்செக்ஸ் முதன்முறையாக 6,000 புள்ளியைத் தொட்டது. ஒய்2கேயில் பிடித்த வாடிக்கையாளர்கள் அடுத்த வேலையும் தருவார்கள் என்ற நம்பிக்கையோடு இணைய மோகமும் சேர்ந்துகொண்டது. சென்னையின் பென்டாஃபோர் சாஃப்ட்வேர், பென்டாமீடியா கிராஃபிக்ஸ் என்று பெயர் மாற்றி, சிந்துபாத் அனிமேஷன் படம் எடுத்தது. அதுவும் சென்னையைச் சேர்ந்த டிஎஸ்கியூ சாஃப்ட்வேரும் தரகர் கேத்தன் பாரேக் ஏற்றிவிட்ட ‘கே-10’ பங்குகளில் இருந்தன.

1993-ல் இன்ஃபோசிஸ் பங்கை 95 ரூபாய்க்குக் கொடுத்தபோது முழுதாக வாங்க ஆளில்லை. அன்று வாங்கியவர்களுக்கு 2001-ல் மென்பொருள் பங்குகள் சரிந்தது ஒரு பொருட்டே அல்ல. 2000-ன் உச்சத்தில் பென்டாமீடியா வாங்கியவர்களின் பணம் திரும்பவே இல்லை.

2001 மார்ச் 30 அன்று பாரேக் கைதானார். பங்குத் தரகர் அலுவலகமே பார்த்திராத சிறிய ஊர்களின் சேமிப்பையும் இந்தச் சரிவின் அடி தொட்டது. ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் பத்திரமென்று நம்பிய யூனிட் டிரஸ்டின் யூஎஸ்-64 திட்டமும் இத்தகைய பங்குகளில் பணம் போட்டிருந்தது. அந்த ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவது நிறுத்தப்பட்டது. யூனிட் டிரஸ்டின் தலைவர் பதவி விலகினார். அடுத்த மாதம் 3,000 யூனிட்டுகள் வரை 10 ரூபாய் விலையில் விற்க வழி திறந்தது. மீதி வைத்திருந்தவர்களுக்கு 2003-ல் 6.75 விழுக்காடு வட்டிப் பத்திரங்கள் கிடைத்தன, ஐந்தாண்டு முதிர்வுடன்.