1975 அக்டோபர்

1975 அக்டோபர், தமிழ்க் கணக்கில் ராட்சச ஆண்டின் புரட்டாசி நடுவில் தொடங்கி ஐப்பசி நடுவில் முடிந்த மாதம். புதன்கிழமை பிறந்து வெள்ளிக்கிழமை முடிந்தது. உலக நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாகத் தொகுக்கும் நூல்கள் இம்மாதத்துக்கென்று வெள்ளிக் கோளின் தரையிலிருந்து வந்த முதல் படத்தையும், மேற்குச் சகாராத் தகராறையும், ஸ்பெயினில் பிராங்கோ படுக்கையில் விழுந்ததையும் எடுத்து வைக்கும். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் கேட்டால் கதை வேறு. அங்கே அது காமராசர் போன மாசம். இக்கட்டுரை இரண்டையும் திருத்தங்கலில் நின்று பார்க்கிறது.

திருத்தங்கல் சிவகாசியை ஒட்டிய ஊர். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்ட குன்று. 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. தங்கால் என்ற பழம்பெயரைச் சங்கப் புலவர் தங்கால் முடக்கொல்லனார் தம் பெயரோடு சுமக்கிறார். சிலப்பதிகாரத்திலும் ஊர் வருகிறது: செய்யாத களவுக்காகச் சிறையில் அடைக்கப்பட்ட வார்த்திகனை விடுவித்து, தவறுக்கு வருந்திய பாண்டியன் தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுத்தான் என்பது கதை. விசாரணையில்லாமல் ஆயிரக்கணக்கானோர் சிறையில் இருந்த நெருக்கடிநிலை மாதம் ஒன்றைப் பற்றி எழுதும்போது இந்தக் கதை நினைவுக்கு வராமல் போகாது. 1975இல் ஊர் பிரிக்கப்படாத ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆபீசும்தான் பிழைப்பு. தொழிற்சாலையை இங்கே யாரும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வந்ததால், அக்டோபர் என்பது கடைசிச் சரக்கு லாரி ஏறும் மாதம்.

அக்டோபர் 2, வியாழக்கிழமை. சென்னை தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் காமராசர் காலமானார். வயது 72. காந்தி பிறந்த நாள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். 1963இல் அவர் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கியதும் இதே அக்டோபர் 2 என்பதை அவ்வளவு பேர் சொல்வதில்லை. உடல் ராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்டது. முதலமைச்சர் கருணாநிதி அரசு மரியாதைக்கு ஏற்பாடு செய்தார். பிரதமர் இந்திரா காந்தி டெல்லியிலிருந்து வந்தார். கிண்டியில் காந்தி மண்டபத்தின் அருகே எரியூட்டினார்கள். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. அந்த அலை திருத்தங்கலுக்கு எட்டாது. ஊருக்குச் செய்தி வந்தது ரேடியோவிலும் மறுநாள் பேப்பரிலும்தான்.

இந்த வட்டாரத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு, மேடையில் சொல்வதுபோல் அத்தனை வழவழப்பானதல்ல. விருதுநகரில் பிறந்தார், 1957, 1962 தேர்தல்களில் சாத்தூரில் வென்றார். 1967இல் சொந்த ஊரான விருதுநகரே அவரை 1,285 வாக்கில் தோற்கடித்து, பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. பிறகு நாடாளுமன்றம் போக அவருக்கு நாகர்கோவில்தான் கைகொடுத்தது. 1975இல் அழுத ஊரில் 1967இல் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். அழுகையின் கனத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்றே தோன்றுகிறது. 1976இல் அவருக்குப் பாரத ரத்னா அளிக்கப்பட்டது. 1985 மார்ச் 15இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த புது மாவட்டம் அவர் பெயரையே தாங்கியது. 1997இல் தமிழக மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயரை நீக்கியபோது அது விருதுநகர் மாவட்டமாயிற்று.

சிவகாசி காலண்டர் ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது இங்கே வழக்கம். ஐப்பசிக்குள் அச்சு வேகம் பிடித்துவிடும். 1975இன் தினத்தாள் 1974லேயே அச்சாகிவிட்டது. அதில் அக்டோபர் 2 ஏற்கெனவே சிவப்பு. காந்தி ஜெயந்தி விடுமுறைக்காகப் போட்ட அந்தச் சிவப்புத் தாளைத்தான் அன்று கிழித்தார்கள். பின்னாளில் வந்த காலண்டர்களில் காமராசர் நினைவு நாள் அதே தாளில் காந்திக்குக் கீழே இடம் பிடித்தது.

அதே வியாழக்கிழமை டெல்லி இரண்டு திட்டங்களைத் தொடங்கியது. ஒன்று, ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம். முதலில் 33 வட்டாரங்களில் மட்டும். இன்று அங்கன்வாடி என்று சொன்னால்தான் ஊருக்குப் புரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோன மனிதர் கண்மூடிய அன்றே, பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைக்குச் சோறு போடும் திட்டம் தொடங்கியது தற்செயல்தான். இரண்டாவது, கிராம வங்கி. நாட்டில் ஐந்து வங்கிகள் அன்று திறந்தன. ஒன்றும் தமிழ்நாட்டில் இல்லை. இங்கே அது 1977இல் பாண்டியன் கிராம வங்கியாக வந்தது, அதுவும் விருதுநகர் மண்ணிலேயே. 2019இல் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகும்வரை அந்தப் பெயர் நிலைத்தது.

அன்று வாஷிங்டனில் ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோவை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் போர்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். போர் முடிந்து 30 ஆண்டு கழித்து நடந்த வருகை. நேரு வைத்ததாகச் சொல்லப்படும் குட்டி ஜப்பான் என்ற பட்டத்தோடு வாழும் சிவகாசி, பெரிய ஜப்பானைக் கவனிக்கும் மனநிலையில் அன்று இல்லை.

அக்டோபர் 16ஆம் தேதி தனித்து நிற்கிறது. ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம், மேற்குச் சகாரா மக்களின் சுயநிர்ணய உரிமையை மறுக்குமளவுக்கு மொராக்கோவுக்கு அங்கே பழைய உரிமை இல்லை என்று கருத்துச் சொன்னது. அன்றே மன்னர் இரண்டாம் ஹசன் மூன்றரை லட்சம் பேர் எல்லை தாண்டி நடப்பார்கள் என்று அறிவித்தார், நவம்பரில் நடந்தார்கள், தகராறு இன்னும் தீரவில்லை. கிழக்குத் திமோரில் பாலிபோ என்ற ஊரில், ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளுக்குச் செய்தி சேகரிக்கப் போன ஐந்து பேர் இந்தோனேசியப் படை நுழைந்தபோது கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டையும்விட, வங்கதேசத்தின் போலா தீவில் ஒரு சின்னஞ்சிறுமியின் உடம்பில் கொப்புளம் தோன்றியதுதான் திருத்தங்கலுக்கு நெருக்கமான செய்தி. இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கொடிய வகை கடைசியாகத் தொட்டது அந்தப் பிள்ளையைத்தான். அவள் பிழைத்துக்கொண்டாள். இந்தியாவில் அந்த மே மாதத்தோடு நோய் நின்றிருந்தது. லேசான வகை 1977 அக்டோபரில் சோமாலியாவோடு முடிந்தது. 1980இல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள்.

இருக்கன்குடி மாரியம்மனுக்கும் விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கும் நேர்ந்துகொள்ளும் இந்தப் பக்கத்தில் அம்மை நோயென்று சொல்லப்படுவதில்லை. அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். வேப்பிலை கட்டிய வாசலுக்குள் அந்நியர் போகமாட்டார்கள். தடுப்பூசிக்காரர்கள் கடைப்பிடித்த தனிமைப்படுத்தலும் ஏறக்குறைய அதுதான். கையில் அம்மை குத்திய தழும்பு இல்லாத முதல் தலைமுறை, இம்மாதத்துக்குப் பின் சில ஆண்டுகளில் பிறந்தது.

அக்டோபர் 22இல் சோவியத் ஒன்றியத்தின் வெனேரா 9 கலம் வெள்ளியில் இறங்கி, வேறொரு கோளின் தரையிலிருந்து முதல் படத்தை அனுப்பியது. கூர்கூரான கற்கள்; சுமார் 485 டிகிரி சூடு; பூமியைப்போல் 90 மடங்கு அழுத்தம். 53 நிமிடம் அனுப்பியது. மூன்று நாள் கழித்து வெனேரா 10 இறங்கியது. அந்தச் சூட்டில் தீக்குச்சி உரசாமலே பற்றும். காற்றில் பெரும்பகுதி கரியமில வாயு என்பதால் குச்சி எரியாது. தலை மட்டும் பற்றும், குளோரேட்டுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால். அந்த மாதம் வெள்ளி விடியற்காலையில் தெரிந்தது. விடிவெள்ளி நேரத்தில் எழுந்து ஆபீசுக்குக் கிளம்பியவர்களில் பிள்ளைகள் நிறைய.

அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பெண்கள் அலுவலக வேலையும் வீட்டு வேலையும் பார்க்க மறுத்து வீதிக்கு வந்தார்கள். ஐ.நா. அறிவித்த சர்வதேச மகளிர் ஆண்டு அது. குச்சி அடுக்குவதிலும் பெட்டி ஒட்டுவதிலும் பெண்களின் கை இல்லாமல் ஒரு நாளும் ஓடாத இந்த வட்டாரத்தில் அச்செய்தி எந்தச் சலனத்தையும் உண்டாக்கியதாகத் தெரியவில்லை.

மறுநாள், அக்டோபர் 25 முதல், இந்தியாவில் கொத்தடிமை முறை ஒழிப்பு அவசரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திரா காந்தி ஜூலையில் அறிவித்த 20 அம்சத் திட்டத்தின் ஓர் அம்சம், 1976இல் சட்டமானது. கடனுக்கோ முன்பணத்துக்கோ ஈடாக ஒருவர் உழைப்பைக் கட்டிப்போடுவது செல்லாது, அந்தக் கடனும் செல்லாது என்றது. இம்மாதத்தின் செய்திகளில் சிவகாசி வட்டாரத்தை நேராகத் தொட்டிருக்க வேண்டியது இதுதான் என்பது என் கணிப்பு. தீப்பெட்டி ஆபீசில் முன்பணம் வாங்கிவிட்டுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவது அந்நாளில் இங்கே பழகிப்போன ஏற்பாடு. கொத்தடிமை என்ற சொல்லைக் கேட்டால் வயற்காட்டுப் பண்ணையாளைத்தான் நினைத்தார்கள். அட்வான்ஸ் என்று சொன்னால் யாருக்கும் உறுத்தவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வர 1986 ஆயிற்று. சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1996 டிசம்பர் ஆயிற்று.

மற்றவை சுருக்கமாக. முதல் தேதி மணிலாவில் முகமது அலி 14 சுற்றில் ஜோ பிரேசியரை வென்றார். 9ஆம் தேதி சோவியத் இயற்பியலாளர் சகாரவுக்கு அமைதி நோபல் அறிவிக்கப்பட்டது; மாஸ்கோ அவரை ஆஸ்லோவுக்கு விடவில்லை, மனைவி எலேனா போனர் வாங்கினார். தணிக்கை நிலவிய அந்நாளைய இந்தியாவில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் இன்னும் காவலில் இருந்தார். 29ஆம் தேதி, திவாலாகும் நிலையிலிருந்த நியூயார்க் நகருக்குக் கைகொடுக்க மாட்டேன் என்றார் போர்டு. 30ஆம் தேதி பிராங்கோவின் அதிகாரம் இளவரசர் யுவான் கார்லோஸ் கைக்குப் போனது.

31ஆம் தேதி தீபாவளிப் படமாக எம்.ஜி.ஆரின் ‘பல்லாண்டு வாழ்க’ வெளியானது. அந்த வார இறுதியில் தீபாவளி. வடக்கே போகவேண்டிய லாரியெல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தன. ஆபீஸ்கள் போனஸ் கொடுத்து மூடிவிட்டன.