காலதரும் கார்க்கண்ணாடியும்

சன்னல் என்பது போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்த சொல். அதற்கு முன்பே நம்மிடம் காலதர் இருந்தது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. புகார் நகரத்து மாளிகைகளைப் பேசுமிடத்தில் சிலப்பதிகாரம் இச்சொல்லை ஆள்கிறது. ஆங்கிலேயரின் 'விண்டோ' என்ற சொல்லும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படுவதே. காற்றுக்கு வழிவிடுவதே சன்னலின் முதற்கடமை என்பதை இரு மொழிகளும் உணர்ந்திருந்தன. அக்கடமையைக் காரின் கண்ணாடி ஏற்றுக்கொண்ட வரலாற்றையும், வயதேறிய ஸ்போர்ட்ஸ் கார்களில் அக்கண்ணாடி தளர்ந்து ஊர்வதன் காரணத்தையும், அதற்கான தீர்வையும் இங்கே காண்போம்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் தொடக்கத்தில் கண்ணாடியைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1950களின் டிரையம்ப் டி.ஆர்.3 காரில் மழை வந்தால் மாட்டிக்கொள்ளவும் வெயில் வந்தால் கழற்றவும் தக்க பக்கத்திரைகளே இருந்தன. 1961-இல் வெளிவந்த டி.ஆர்.4-இல்தான் கைப்பிடியைச் சுழற்றி ஏற்றும் கண்ணாடி இடம்பெற்றது. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயரிலும் அதுவே. இந்த ஸ்பிட்ஃபயர் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி அமைக்கப்பட்டது அது. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் உருவாயிற்று. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலொட்டி.

கையின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி அமெரிக்காவில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1940-இன் இறுதியில் பாக்கார்டு நிறுவனம் தன் 180 வரிசைக் கார்களில், மின்சாரத்தால் இயங்கும் பம்பு தரும் எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டு கண்ணாடியை ஏற்றியது. 1951-இல் கிரைஸ்லரின் இம்பீரியல் எண்ணெயை விலக்கி முழுவதும் மின்மோட்டாரையே நம்பியது. தமிழகத்தில் 1998 முதல் திருவள்ளூரில் உருவான மிட்சுபிஷி லான்சர் இவ்வசதியுடன் வந்த கார்களுள் ஒன்று. அது நான்கு கதவுக் குடும்பக் காரே எனினும், அதன் உடன்பிறப்பான லான்சர் எவல்யூஷனில் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை உலக ராலிப் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்றதால், இங்கும் வேகத்தை விரும்புவோரின் செல்லப்பிள்ளையாயிற்று.

இம்மாற்றத்தில் நாம் இழந்தது ஒன்றுண்டு. கைப்பிடியைச் சுழற்றிய காலத்தில் கண்ணாடி இறுகத் தொடங்கியதை மணிக்கட்டு உடனே உணர்ந்தது. மோட்டாருக்கு நா இல்லை. இறுக்கம் கூடக்கூட அது மேலும் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு மௌனமாக உழைக்கும்; நம் கண்ணுக்கு அது படும்போது கண்ணாடி ஊர்ந்துகொண்டிருக்கும். பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'மோட்டார் போய்விட்டது, மாற்றிவிடலாம்' என்பதே. உற்பத்தி நின்றுபோன காருக்குப் புது மோட்டார் எளிதில் கிட்டாது. கிட்டி மாட்டினாலும், பழைய இறுக்கம் அப்படியே இருப்பின் புதியதும் விரைவில் களைத்துவிடும்.

ஆகவே முதலில் இறுக்கத்தின் இருப்பிடத்தைத் தேட வேண்டும். அது இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, கண்ணாடி ஓடும் பாதை. கதவின் உட்பலகையைக் கழற்றி, கண்ணாடியை விண்டோ மெஷினிலிருந்து பிரித்து, கையாலேயே ஏற்றி இறக்கிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். வெயிலில் கெட்டித்த ரப்பர் பீடிங்கும் அதில் படிந்த புழுதியுமே பெரும்பாலும் குற்றவாளிகள். பீடிங்கைத் துடைத்துச் சிலிக்கோன் தெளிக்க வேண்டும்; பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். உலோகத் தண்டவாளத்திலும் உருளைகளிலும் காய்ந்துபோன பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதிய லித்தியம் கிரீஸ் இட வேண்டும். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களில் கண்ணாடி நீளமானது. பலவற்றில் மேற்சட்டமும் இல்லை. எனவே சாய்வு சற்றுப் பிசகினாலும் உரசல் மிகும்.

மற்றொன்று, மின்சாரம் ஓடும் பாதை. கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரின் முனையில் வோல்ட்டை அளக்க வேண்டும். தேய்ந்த சுவிட்ச் முனைகளிலும், கதவு திறந்து மூடுகையில் மடங்கி மடங்கி இழையறுந்த வயரிலும், துருவேறிய எர்த்திலுமாக 0.2 ஓம் தடை சேர்ந்தால் போதும். 10 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் இது ஆறில் ஒரு பங்கு. பழைய வயரிங்கில் மோட்டாருக்குரிய மின்னோட்டம் முழுவதும் சுவிட்ச் வழியே செல்லும். முனைகளைத் துலக்கி, வயரைச் சீராக்கி, ரிலே ஒன்றை அமைத்தால் சுவிட்ச் கட்டளையிடும் வேலையை மட்டும் செய்யும். மின்னோட்டம் குறுக்குவழியில் மோட்டாரை அடையும். இவ்விரு பாதைகளும் செம்மையாக இருந்தும் கண்ணாடி ஊர்ந்தால் மட்டுமே மோட்டாரை ஐயுற வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபியூஸ் அடிக்கடி எரிகிறதென்று பெரிய ஃபியூஸ் போடலாகாது. அப்போது எரிவது வயராக இருக்கும். கத்தரி வடிவ விண்டோ மெஷினில் கண்ணாடியின் எடையைத் தாங்கும் சுருள்வில் உண்டு. அதன் கையை இறுக்கிப் பிணைக்காமல் மோட்டாரைக் கழற்றினால் வில் விசையுடன் விடுபட்டு விரலைச் சிதைத்துவிடும்.

எமது பூலாம்பாடிக்கு அண்மையில் உள்ள அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். மரத்தை அறிந்த தச்சர் எவரும், மழைக்காலத்தில் ஊறி இறுகிய கதவைக் கண்டு புதுக்கதவு செய்யச் சொல்வதில்லை. எங்கே உரசுகிறதென்று விரலால் தடவிப் பார்த்து, அங்கே மட்டும் இழைப்பார். கார்க்கண்ணாடிக்கும் அந்த அறிவே வேண்டும். மாற்றுவது எளிது, உரசும் இடத்தைக் கண்டுபிடிப்பதே தொழில். அத்தொழிலறிவு பட்டறைகளில் உள்ளவரையில்தான் பழைய கார்கள் சாலையில் இருக்கும். காலதர் திறக்கட்டும், காற்று வரட்டும்.