கிச்சன் மேடைக்கு கல் வாங்கப் போறீங்களா... அதை வெட்டுறவர் சுவாசிக்கிற தூசியையும் கொஞ்சம் கவனிங்க!

போன வருடம் அக்கா தன் ஃபிளாட்டில் கிச்சனை மாற்றினாள். கடையில் இரண்டு மணி நேரம் நின்று, வெள்ளையில் மெல்லிய சாம்பல் கோடு ஓடும் குவார்ட்ஸ் ஸ்லாப் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். மஞ்சள் கறை பிடிக்குமா, சூடான குக்கரை அப்படியே வைக்கலாமா, சதுர அடி எவ்வளவு... நாங்கள் கேட்காத கேள்வி இல்லை. கல் வந்த அன்று சிங்க்குக்கு ஓட்டை போட வேண்டியிருந்தது. வேலைக்கு வந்த அண்ணா தண்ணீர் டியூபை எடுத்தார். "ஹால்ல புது டைல்ஸ்ணா, எல்லாம் சேறாகிடும். தண்ணி இல்லாம வெட்ட முடியாதா?" என்று கேட்டது அக்காதான். முடியும் என்றார். பால்கனிக்குக் கொண்டுபோய், மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் வெட்டினார். உள்ளே வந்தபோது புருவம், இமை, மீசை எல்லாம் வெள்ளை. நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

கொஞ்ச நாள் கழித்து, ஆஸ்திரேலியா இந்தக் கல்லையே தடை செய்த செய்தியைப் படித்தபோதுதான், அன்று அவரிடம் நாங்கள் என்ன கேட்டோம் என்பது உறைத்தது.

பயப்பட வேண்டியது மேடைக்கு அல்ல!

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பாலிஷ் போட்டுப் பொருத்திய மேடையால் அதில் சமைப்பவருக்கு ஆபத்து இல்லை. சப்பாத்தி தேய்க்கலாம், துடைக்கலாம், மாவு கொட்டிப் பிசையலாம். சிலிக்கா, கல்லோடு கல்லாக இருக்கும்வரை யாரையும் ஒன்றும் செய்யாது. வெட்டும்போதும், ஓட்டை போடும்போதும், ஓரத்தை உருட்டி மோல்டிங் செய்யும்போதும் பறக்கும் தூசிதான் பிரச்னை.

அதிலும் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை மாவு பெரிய வில்லன் இல்லை. அதில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆனால், படிக சிலிக்காவை அவற்றால் கரைக்க முடியாது. செல் செத்துப்போகும், துகள் அப்படியே இருக்கும், அடுத்த செல் வந்து விழுங்கும். இப்படியே அந்த இடம் தழும்பாகி, பஞ்சு போல இருக்க வேண்டிய நுரையீரல் இறுகிப்போகிறது. இதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரலாம். அதை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. முற்றிய நிலையில் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போகிறார்கள். காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1997-லேயே இந்தத் தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எவ்வளவு தூசி போனால் ஆபத்து? அமெரிக்காவில் தொழிலாளர் சுவாசிக்கும் காற்றில் அனுமதிக்கப்படும் அளவு, 8 மணி நேர சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம். சமையலறைக் கணக்கில் சொன்னால், ஒரு நாள் வேலையில் உள்ளே இழுப்பது ஏறத்தாழ பத்து உப்புத்தூள் துகள்களின் எடை. அக்கா வீட்டு பால்கனியில் பறந்ததை நினைத்துப் பார்த்தால்... விடுங்கள்.

எந்தக் கல்லில் எவ்வளவு?

குவார்ட்ஸ் என்ற பெயரில் கடையில் விற்பது மலையிலிருந்து நேராக அறுத்து வரும் கல் இல்லை. குவார்ட்ஸைப் பொடியாக்கி, ரெசினும் நிறமும் கலந்து, அழுத்தி, சூடாக்கி ஃபேக்டரியில் செய்யும் ஸ்லாப். அதனால்தான் ஒரே மாதிரி நிறமும், கறை பிடிக்காத தன்மையும் கிடைக்கின்றன. வழக்கமான தயாரிப்புகளில் படிக சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல். இயற்கை கிரானைட்டில் இது பொதுவாக 20 முதல் 45 சதவீதம். மார்பிளில் மிகக் குறைவு. (கிரானைட்டில் 70 சதவீத சிலிக்கா என்று நெட்டில் போட்டிருக்குமே என்று கேட்பீர்கள். அது வேறு தாதுக்களோடு பிணைந்திருப்பதையும் சேர்த்த மொத்தக் கணக்கு. நுரையீரலுக்கு வினையாவது, தனியாகப் படிகமாக இருக்கும் குவார்ட்ஸ்.)

நம்மூர் கிரானைட்டுகளிலும் எல்லாம் ஒன்றில்லை. விழுப்புரம் பக்கத்து 'குன்னம் பிளாக்' மாதிரியான கறுப்புக் கற்களை கிரானைட் என்று விற்றாலும், புவியியல் கணக்கில் அவை டோலரைட் வகை. அதில் தனி குவார்ட்ஸ் குறைவு. மதுரைப் பக்கம் வெட்டி எடுக்கும் வெளிர் நிறக் கல்லில் அது அதிகம். அந்த மதுரைக் கல்லுக்கு 'காஷ்மீர் ஒயிட்' என்று யார் பெயர் வைத்தார்களோ! மேடைக்கு அடியில் தாங்கலுக்குப் போடும் கடப்பா கல், சுண்ணாம்புக்கல் வகை. அதிலும் சிலிக்கா உண்டு. ஆக, 'இது இயற்கைக் கல், தூசி ஒண்ணும் பண்ணாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அளவுதான் வித்தியாசம்.

ஆஸ்திரேலியா ஏன் தடை செய்தது?

பழைய காலத்து சிலிகோசிஸ், குவாரியிலும் சுரங்கத்திலும் 15, 20 வருடம் உழைத்தவர்களுக்கு வந்தது. குவார்ட்ஸ் மேடைகள் பரவிய பிறகு இஸ்ரேல், ஸ்பெயின் நாடுகளில் டாக்டர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். கல்லை வீட்டு அளவுக்கு வெட்டிக் கொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளில், இளம் வயது ஆண்களுக்கு நோய் வேகமாக வந்தது. ஆஸ்திரேலியாவில், 2018-க்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு சிலிகோசிஸ் இருப்பதாக அரசுக் குழுவே 2021-ல் சொன்னது. தண்ணீர் இல்லாமல் வெட்டக் கூடாது என்ற விதி முதலில் வந்தது. அதுவும் போதவில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தயாரிக்க, விற்க, வெட்டிப் பொருத்தத் தடை. அப்படித் தடை செய்த முதல் நாடு அதுதான்.

கலிஃபோர்னியா தடை செய்யவில்லை, 2023 டிசம்பரில் அவசர விதிகளைக் கொண்டுவந்தது. அதே வருடம் அங்கே வெளியான ஒரு மருத்துவ ஆய்வில் இருந்தவர்கள் 52 பேர். ஏறக்குறைய எல்லோருமே லத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்த ஆண்கள். நடுத்தர வயது 45. அவர்களில் 10 பேர் இறந்துவிட்டார்கள். அமெரிக்கக் கடைகளுக்குப் போகும் குவார்ட்ஸ் ஸ்லாப்களில் கணிசமான பங்கு, இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாவது.

நம் நாட்டில் இந்தக் கதை இன்னும் பழையது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளிலிருந்து குஜராத்தின் கோத்ரா பக்கத்துக்கு, குவார்ட்ஸை உடைத்துப் பொடியாக்கும் ஆலைகளுக்குப் பழங்குடி மக்கள் வேலைக்குப் போனார்கள். சில மாதங்கள் மட்டுமே வேலை பார்த்துத் திரும்பியவர்களும் ஊரில் மூச்சு வாங்கிச் செத்தார்கள். இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. அவர்கள் செய்த வேலை, கல்லைப் பொடியாக்கியது மட்டும்தான்.

கடையில் என்ன கேட்கலாம்?

குவார்ட்ஸ் வாங்கவே கூடாதா? என் கருத்து: கிரானைட் போதும் என்றால் கிரானைட். நம் சமையலுக்கு, அதாவது அடுப்பிலிருந்து இறக்கிய கடாயை யோசிக்காமல் வைக்கிற கைகளுக்கு, அதுதான் பொருத்தமும்கூட. குவார்ட்ஸில் உள்ள ரெசின் அதிகச் சூட்டில் நிறம் மாறும். வெள்ளைதான் வேண்டும் என்று இருப்பவர்கள், சிலிக்கா சதவீதம் என்ன என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் இப்போது சிலிக்காவை 10 சதவீதத்துக்கும் கீழே குறைத்து ஸ்லாப் செய்கின்றன. தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தகவல் தாளில் இது இருக்கும். கடைக்காரர் முழிக்கலாம். வாட்ஸ்அப்பில் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். பெரிய போர்சலின் ஸ்லாப்களிலும் சிலிக்கா உண்டு என்பதால், அவற்றையும் கவனமாகத்தான் வெட்ட வேண்டும். 'கோரியன்' மாதிரியான அக்ரிலிக் மேடைகளில் படிக சிலிக்கா இல்லை. ஆனால், சூடு தாங்காது.

'கிரீன்கார்டு' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, அது போதாதா என்று நானும் நினைத்தேன். அது, உங்கள் வீட்டுக்குள் அந்த ஸ்லாப்பிலிருந்து ரசாயன ஆவி எவ்வளவு வெளியாகிறது என்பதற்கான சான்று. 'என்எஸ்எஃப்' என்பது, உணவு படுகிற பரப்புக்கான சான்று. இரண்டும் வாங்குபவரின் பாதுகாப்பைப் பற்றியவை. வெட்டுபவரின் மூச்சைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதனால், ஸ்டிக்கரைப் பார்ப்பதைவிட யார்டைப் பார்ப்பது நல்லது. பத்து நிமிடம் நின்றால் போதும். மெஷினில் தண்ணீர் விழுகிறதா? தரை ஈரமாக இருக்கிறதா, அல்லது மாவு மில் மாதிரி எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறதா? வெட்டுபவர் முகத்தில் இருப்பது துண்டா, மாஸ்க்கா? துண்டும், சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தத் துகளைத் தடுக்காது. குறைந்தது என்95 வேண்டும். அதுவும் முகத்தோடு ஒட்டி இருந்தால்தான் பலன். தாடி இருந்தால் இடைவெளி வழியே தூசி போகும். தண்ணீர் இல்லாமல் வெட்டும் இடத்தில் என்95 மட்டும் போதவே போதாது.

வீட்டில் வெட்டுவதை எப்படிக் குறைப்பது?

உண்மையில் நம் கையில் இருக்கும் பெரிய விஷயம் இதுதான். சிங்க், அடுப்பு, குழாய் இவற்றின் மாடலைக் கல் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பில்ட்-இன் அடுப்பையும் சிங்க்கையும் வாங்கிவிட்டால், பெட்டியிலேயே கட்அவுட் அளவு இருக்கும். சுவர் சதுரமாக இருக்கும் என்று நம்பாமல், கார்ட்போர்டிலோ பிளைவுட்டிலோ மேடையின் வடிவத்தை வெட்டி யார்டுக்குக் கொடுத்தால், ஓட்டை, ஓரம், மோல்டிங், பாலிஷ் எல்லாம் அங்கேயே தண்ணீரில் முடிந்துவிடும். ஓட்டை போட்ட ஸ்லாப்பை மாடிக்குத் தூக்கும்போது அந்த இடத்தில் உடைந்துவிடும் என்று தயங்குவார்கள். நியாயமான பயம். மரச்சட்டம் கட்டி, செங்குத்தாக நிறுத்தித் தூக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால் கொஞ்சம் கூடுதல் கூலி கேட்பார்கள். கொடுங்கள்.

அப்படியும் சின்னதாக வெட்ட வேண்டி வந்தால், பிளேடில் டியூப் வழியாகத் தண்ணீர் விழும் கட்டிங் மெஷின் வேண்டும். மக்கில் அவ்வப்போது ஊற்றுவது கணக்கில் வராது. தண்ணீரும் கரன்ட்டும் சேரும் வேலை என்பதால், மெஷினைச் சொருகும் லைனில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாலுக்குத் தார்ப்பாய் விரித்துவிடுங்கள். சேறு ஆகத்தான் செய்யும். அது காய்வதற்குள் வழித்து, பையில் கட்டிப் போட வேண்டும். காய்ந்துவிட்டால் மறுபடி தூசிதான். சிங்க்கில் கழுவி விட்டால் பைப் அடைத்துக்கொள்ளும்.

முடிந்ததும் துடைப்பம் எடுக்காதீர்கள். பெருக்கினால், கீழே படிந்த நுண்துகள் மறுபடி காற்றில் ஏறும். ஈரத் துணியால் துடைப்பதே சரி. கூட்டிப் பெருக்கும் வேலையை வீட்டு வேலைக்கு வரும் அக்கா தலையில் கட்டுவதும் நடக்கிறது. அவருக்கும் நுரையீரல் ஒன்றுதான். குழந்தைகளை அன்று மட்டும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே ஒரு நாள் தூசியால் வீட்டில் இருப்பவர்களுக்கு சிலிகோசிஸ் வந்துவிடும் என்று பதற வேண்டாம். தினமும் மூன்று வீட்டில் வெட்டுகிறாரே, அவருக்குத்தான் அது சேர்ந்துகொண்டே போகிறது.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இந்த வேலையில் இருந்து, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் விடவில்லை என்று சொன்னால், மார்பு எக்ஸ்ரேயும் நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, 'நான் கல் வெட்டுற வேலை பார்க்கிறேன், இத்தனை வருஷமா' என்று டாக்டரிடம் அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்காமலும் போகலாம். எக்ஸ்ரேயில் சிலிகோசிஸ், காசநோய் மாதிரியே தெரியக்கூடியது. வேலை என்னவென்று தெரியாமல், மாதக்கணக்கில் டிபி மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. சிலிகோசிஸ், அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய். இஎஸ்ஐ அட்டை இருப்பவர்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமையும் இருக்கிறது. அதற்கு வேலை விவரம் எழுதிய மருத்துவச் சீட்டு வேண்டும். முதல் நாளிலிருந்தே எல்லாச் சீட்டுகளையும் ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.